தன்னைப் புகழ்தல் தகுமோ?

ஒவ்வொருவரும் தம்மையே ஒரு வணிக முத்திரையாக்கிக்கொள்ள வேண்டுமென்று 1997இல் அமெரிக்கரான டாம் பீட்டர்ஸ் எழுதினார். 2003இல் தோன்றிய லிங்க்டின் தளம் வேலை தேடுவோர்க்கு அதனை அன்றாடக் கடமையாக்கிவிட்டது.

நம் பவணந்தியார் தற்புகழ்ச்சியை அறவே விலக்கியவரல்லர். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றல் அறியாதாரிடையிலும், அவையில் வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றான் பழித்த காலையும் புலவன் தன்னைப் புகழலாம் என நன்னூலில் இசைந்தார். வேலை விண்ணப்பம் முதலிரண்டில் அடங்கும். அதிற் கூச்சம் வேண்டா.

ஆனால், அவர் வகுத்தவை நான்கு வேளைகளே. லிங்க்டினிலோ அவை கலைவதேயில்லை. நாடோறும் தன்னைப் பாடுபவன் தொழிலை எப்பொழுது கற்பான்? அவனைக் காட்டிலும், பட்டறையில் வாய்மூடி உழைப்பவன் நிலையே எனக்குக் கவலை தருகிறது. அவனுக்கு நற்சான்று எழுத வேண்டியவர் அவனை அறிந்த ஆசிரியரும் மேலாளருமே. நம்மில் எத்தனை பேர் கேளாமலே எழுதித் தருகிறோம்?