குங்குமப் பொட்டும் 30 மில்லிஆம்பியரும்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ பேட்டையில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கராஜ் கிடையாது. பட்டறை என்றால் ஸ்டோர் ரூமின் ஒரு மூலைதான். ஆயுத பூஜையன்று அங்கே டிரில்லுக்கும் கிரைண்டருக்கும் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு.

கருவியைத் தெய்வமாகக் கும்பிடுபவர், அதன் நைந்த வயரைக் கண்டும் காணாமல் விடலாமா?

இந்தப் பேட்டை 1970களில் எழுந்தது. ஆர்சிசிபி எனும் மின்கசிவுத் துண்டிப்பான் சிங்கப்பூரின் புது வீடுகளில் கட்டாயமானது 1985 ஜூலையில்தான். பழைய வீடுகளிலும் அதைப் பொருத்த 2025 ஜூலை 1 கெடு விதிக்கப்பட்டது. நைந்த வயரிலிருந்து 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிப்பான் நொடிப்பொழுதில் மின்சாரத்தை அறுத்துவிடும். பொருத்துவதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும்.

“விதி வந்தால் எது தடுக்கும்?” என்பார் உண்டு. வள்ளுவரோ ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்தார். ஆள்வினையுடைமை எனும் விடாமுயற்சிக்கும் ஒன்று தந்தார். துண்டிப்பானின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பார்ப்பதையும் பூஜையில் சேர்த்துக்கொண்டால், எந்தச் சாஸ்திரமும் குறுக்கே நிற்காது.