எட்டு மாதமாகத் தெரியும்

"வழக்கு தள்ளுபடியான விவரம் எனக்குச் சென்ற வாரம்தான் தெரியவந்தது" என்று டைப் செய்துவிட்டுப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், "இல்லப்பா, எட்டு மாசமா தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் வரல?"

"வெக்கமா இருந்துச்சு."

வக்கீல் சிரித்தார். "வெக்கத்துக்கெல்லாம் செக்‌ஷன் இல்ல சார். மஞ்சள் காமாலைன்னு போட்டுக்கலாம்."

கண்ணமங்கலத்தில் எங்கள் கிணற்றுக்குப் போகும் வண்டிப்பாதைக்காக, பங்காளி வீட்டின் மேல் பெரியப்பா போட்ட வழக்கு அது. பெரியம்மா இறந்த மாதம் ஒரு வாய்தாவுக்கு அவர் போகவில்லை. எதிராளி வந்திருந்தார். வழக்கு தள்ளுபடி. அதே காரணத்துக்காகப் புது வழக்கு போட முடியாது. பழையதை உயிர்ப்பிக்க 30 நாள் அவகாசம் உண்டு. நாங்கள் போனபோது 14 மாதம் ஆகியிருந்தது. காலவரம்புச் சட்டம் 5ஆம் பிரிவில், தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் கோர்ட் மன்னிக்கலாம். போதிய காரணம் என்றால் என்ன என்று சட்டம் சொல்வதில்லை.

இதில் வக்கீல்கள் அடிக்கடி காட்டும் தீர்ப்பு நம்மூரிலிருந்து போனதுதான்: பாலகிருஷ்ணன் எதிர் கிருஷ்ணமூர்த்தி, 1998. அங்கே தாமதித்தவர் பிரதிவாதி. 1991இல் அவர் இல்லாமலே தீர்ப்பானது. அதை ரத்து செய்யக் கேட்ட மனுவும் 1993இல் ஆள் வராமல் தள்ளுபடி. மறுபடி வந்தபோது 883 நாள் தாமதம். வக்கீல் தகவலே சொல்லவில்லை என்றார். வெறுமனே சொல்லவில்லை, அந்த வக்கீல் மேல் நுகர்வோர் மன்றத்துக்குப் போய் 50,000 ரூபாய் இழப்பீடே வாங்கியிருந்தார். கீழ்க் கோர்ட் மன்னித்தது, சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் மன்னித்தது. எத்தனை நாள் என்பதல்ல, சொல்லும் காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதே முக்கியம் என்றது. கூடவே, எதிராளிக்கு 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது.

கருணையான தீர்ப்புதான். ஆனால் ஏற்கும்படியான காரணம் எல்லோரிடமும் இருப்பதில்லையே. காமாலைக்குச் சர்டிபிகேட் கிடைக்கும். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் வரும் சத்தம் கேட்டதும் திரும்ப வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வதற்கு என்ன கிடைக்கும்? கொரோனாவின்போது 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றமே கணக்கிலிருந்து நீக்கியது. யாரிடமும் காரணம் கேட்கவில்லை. ஊருக்கே வந்த கஷ்டத்துக்கு மனு தேவைப்படவில்லை. பெரியம்மா போனது பெரியப்பாவுக்கு மட்டும்தான்.

இப்படி நினைத்துக் கொஞ்சம் கோபமாகவே இருந்தேன். அப்போதுதான் அந்த 10,000 ரூபாய் உறைத்தது. மன்னிப்பது கோர்ட், அதன் செலவு எதிராளியுடையது. பங்காளி வீட்டு அக்கா 14 மாதமாக விஷயம் முடிந்தது என்று நம்பி, பாதையை ஒட்டி மாட்டுக்கொட்டகை போட்டிருக்கிறாள். எங்கள் துக்கம் அவளுக்கு எதற்கு? என் வேலையில் கெடு தாண்டினால் சர்வர் கதவைச் சாத்திவிடும், காரணம் கேட்காது. அதைக் குரூரம் என்றுதான் இதுவரை நினைத்திருக்கிறேன். அவள் பக்கம் நின்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதற்காகக் கிணற்றுப் பாதையை விட்டுவிடவும் என்னால் முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

காமாலையை நான் எழுதவில்லை. ஆனால் "சென்ற வாரம்" என்பதை அழிக்கவும் கை வரவில்லை. உண்மையை எழுதினால் மனு நிற்காது என்று வக்கீல் இரண்டு முறை சொல்லிவிட்டார். பெரியப்பா என்னிடமிருந்து லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது அவளுக்கும் ஒரு காப்பி போகும் இல்ல?"

"போகும் பெரியப்பா."

"நான் எட்டு மாசமா சும்மா கெடந்தது அவளுக்குத் தெரியும்பா. தெனம் பாக்குறாளே" என்றார். "அந்த வரிய மாத்து."