பிறவாதவர் மண்

பசிபிக் பெருங்கடலில், மார்ஷல் தீவுகளுள் ஒன்று பிகினி. 1946-ஆம் ஆண்டு அங்கு வந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி, மனித குல நன்மைக்காக ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று அம்மக்களிடம் கூறினார். வேதநூலின் இசுரவேலர் கதையையும் துணைக்கழைத்தார். 167 பேர் கப்பலேறினர். அந்த மனித குலத்திலே இந்த 167 பேருக்கு இடமில்லையோ?

அடுத்த ஆண்டே ஐ.நா. மன்றம் அத்தீவுகளை அமெரிக்காவின் பாதுகாப்பில் ஒப்படைத்தது. காவல் நின்ற வேலியே பயிரை மேய்ந்தது! 1954 மார்ச் முதல் நாள், ஹிரோஷிமாவை எரித்த குண்டினும் ஆயிரம் மடங்கு ஆற்றல் கொண்ட குண்டு பிகினியில் வெடிக்கப்பட்டது. தூளான பவளப்பாறை காற்றிலேறி, ஏறத்தாழ 100 மைலுக்கு அப்பால் ரொங்கெலாப் தீவின்மீது வெண்பொடியாய்ப் பொழிந்தது. பிள்ளைகள் அதனை அள்ளி விளையாடினர்.

வெடித்த ஓசை அன்றே அடங்கிற்று. மண்ணில் படிந்த நஞ்சு அடங்கவில்லை. சீசியம்-137 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேண்டும். பவளத்தீவு மண்ணில் பொட்டாசியம் குறைவு. அதனைத் தேடும் தென்னையின் வேர், அதன் இயல்பை ஒத்த சீசியத்தை உறிஞ்சிக் காயிலே சேர்க்கிறது. மரத்திற்குப் பகுத்தறிவில்லை, அதனைப் பழிப்பாரில்லை. பகுத்தறிவு படைத்த மனிதனோ, பின்விளைவை முற்றும் அறியுமுன்பே குண்டை வெடித்தான். பின்னாளில் பிகினிக்குத் திரும்பிய மக்கள், உடலில் சீசியம் ஏறியது கண்டு, 1978-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர்.

போரைத் தடுக்கவே இச்சோதனை என்பர் வல்லரசினர். நன்று, தன் உயிரைப் பணயம் வைப்பவனை வீரன் என்போம். பிறன் வீட்டுப் பேரனின் உணவைப் பணயம் வைப்பவனை என்னென்பது? தந்தை பட்ட கடனை மகன் அடைப்பதுண்டு. எவனோ பட்ட கடனை, இன்னும் பிறவாத குழந்தை தன் உடலால் அடைப்பது எந்த அறம்?

விதி என்பாரும் உளர். விதியன்று நண்பர்களே, மனிதன் எடுத்த முடிவு! மனிதன் எடுத்ததை மனிதனே மாற்றவும் முடியும். உலகெங்கும் கண்டனக் குரல் எழுந்தது. 1963-இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் மூன்றும் வான்வெளிச் சோதனையைக் கைவிட உடன்பட்டன. குரல் எழுப்ப வாயற்றவர் பிறவாதவர். அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் கடமை, இன்று அந்த மண்ணின்மீது நிற்பவர்க்கு உண்டு.