தலையெழுத்தும் இரத்தக் கணக்கும்

தலையிற் பலத்த அடிபட்டு நினைவிழந்து கிடக்கும் குழந்தையின் அருகே நிற்கும் பெற்றோர் கேட்பது ஒன்றே: "எங்கள் பிள்ளை பிழைக்குமா? பிழைத்தால் பழையபடி ஆகுமா?" முன்னாளில் நம்மவர் இதற்குச் சோதிடரிடம் விடை தேடினர். அவர் தலையெழுத்து என்றார். அத்துடன் மனித முயற்சியும் முடிந்தது. இன்று அதே வினாவை விஞ்ஞானத்திடம் கேட்கின்றோம். அது சிறிது இரத்தத்தை எடுத்து ஓர் எண்ணைத் தருகின்றது. அவ்வெண்ணை அறிவின் துணையாகக் கொள்வதா, புதியதொரு தலையெழுத்தாகக் கொள்வதா? ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது இதுவே.

மூளையின் அணுக்கள் சிதையும்போது அவற்றினுள் இருந்த சில புரதங்கள் வெளிப்பட்டு இரத்தத்தில் கலக்கின்றன. எஸ்100பி, ஜி.எப்.ஏ.பி. என்பவை நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் துணையணுக்களிலிருந்து வருவன. எனோலேஸ் வகையொன்றும் யு.சி.எச்.எல்.1 என்பதும் நரம்பணுக்களிலிருந்து வருவன. பொதுவாக, இவை மிகுந்தால் காயமும் மிகுதி. மரணமோ நீங்கா ஊனமோ நேரும் அபாயமும் மிகுதி. வாய் பேசாத கைக்குழந்தைக்கு யாரோ இழைத்த கொடுமை, வெளிக்காயமின்றி மறைந்து கிடக்குங்கால், அதனை இரத்தம் காட்டிக்கொடுக்கக்கூடுமா என்பதும் ஆராயப்பட்டு வருகின்றது. இவ்வறிவை இகழ்வது பேதைமை.

ஆயின், இரத்தம் மூளையின் செய்தியை மட்டும் சுமப்பதன்று. எஸ்100பி கொழுப்பிலும் குருத்தெலும்பிலும் உண்டு. எலும்பு முறிந்தாலும் அது உயரும். அந்த எனோலேஸ் சிவப்பணுக்களிலும் உண்டு. எடுத்த இரத்தம் குழாயிற் சிதைந்தாலும் எண் ஏறும். முன்னது சில மணி நேரத்திற் குறையும். பின்னது ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். நலமாயுள்ள கைக்குழந்தையிடத்திலேயே எஸ்100பி வளர்ந்தவரினும் அதிகம். ஆகவே வயதும், எடுத்த வேளையும், உடலின் பிற காயங்களும் அறியாது எண்ணுக்குப் பொருள் கூறலாகாது. 2018-ல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் தலைக்காயத்திற்கென அனுமதித்த இரத்தச் சோதனையும், இலேசாக அடிபட்ட வளர்ந்தவர்களுக்குத் தலையைப் படம் பிடிக்க வேண்டுமா என்று தெளியவே ஏற்பட்டது. குழந்தையின் எதிர்காலத்தை உரைக்க அன்று.

விளைவை அளப்பதேனும் எளிதா? 1974-ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்னும் அறிஞர்கள் நினைவிழப்பை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். அது இன்று 3 முதல் 15 வரை எண்ணப்படுகின்றது. 8-ம் அதற்குக் கீழும் கடுமையானவை எனக் கொள்ளப்படும். மறுவருடம் ஜென்னெட்டும் பாண்டும் விளைவை, மரணம் முதல் நல்ல தேர்ச்சி வரை, ஐந்து படிகளாக வகுத்தனர். வளர்ந்தவனை அவன் பழைய வாழ்க்கையோடு ஒப்பிட்டு அளந்துவிடலாம். குழந்தையோ இன்னும் ஆக வேண்டியவன். இரண்டு வயதில் அடிபட்டவன் நடந்து பேசித் தேறியவனாகத் தோன்றுவான். பள்ளியில் கவனமும் திட்டமும் வேண்டப்படும்போதே குறை வெளிப்படும். இளமூளை எப்போதும் எளிதில் தேறிவிடும் என்ற பழைய நம்பிக்கையும் முழு உண்மையன்று. சில வருடம் கழித்தே தெரியவேண்டியதை ஒரு நாள் இரத்தம் உறுதியாய்ச் சொல்லுமோ?

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. எண் உயர்ந்தது, எனவே நம்பிக்கையில்லை என்று மூச்சுக் கருவியை நிறுத்தினர் எனக் கொள்வோம். குழந்தை இறக்கும். பின்னர், "எண் பொய்க்கவில்லை" என்று ஏட்டில் எழுதப்படும். தான் விதித்த தண்டனையையே தன் தீர்ப்புக்குச் சான்றாகக் காட்டும் இம்முறைக்கும் சோதிடர் வாக்குக்கும் வேற்றுமை யாது?

இதனால், எந்நிலையிலும் கருவியை நிறுத்தலாகாது என்றோ, பெற்றோர்க்குப் பொய் நம்பிக்கை ஊட்டவேண்டும் என்றோ நாம் கூறவில்லை. உண்மையை மறைப்பது இரக்கமாகாது. ஆனால், உண்மை என்பது எண்ணும் அதன் ஐயமும் சேர்ந்ததே. கண்ணின் பாவை, உடலின் அசைவு, மூளையின் படம், நாட்களின் போக்கு ஆகிய பல சாட்சிகளுள் இரத்தமும் ஒன்று. சாட்சியை நீதிபதியின் ஆசனத்தில் ஏற்றலாகாது.

விதியை மறுத்த நாம், விதியை ஆய்வுக்கூடத்தின் வழியாக மீண்டும் வீட்டிற்குள் அழைத்தல் தகுமோ? "இதுவே இன்று நாங்கள் அறிந்தது, இதற்கு மேல் அறியோம், முயற்சியைக் கைவிடோம்" என்று பெற்றோரிடம் சொல்லும் வைத்தியரே பகுத்தறிவாளர் என்பது நமது துணிபு.