நீருக்கு உடையவர் யார்?

மராட்டிய நாட்டு மகாடு நகரின் சவுதார் குளக்கரையில் நிற்போர்க்கு ஓர் ஐயம் எழும்: ஒரு கை நீருக்காகவோ இத்துணைப் போர்?

1924-ல் நகராட்சி அக்குளத்தை அனைவர்க்கும் பொதுவெனத் தீர்மானித்தது. ஆயினும் பகைக்கு அஞ்சித் தீண்டப்படாதார் அதனை அணுகவில்லை. 1927 மார்ச் 20-ல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்நீரைப் பருகினார். சாதி இந்துக்களோ சாணமும் கோமியமும் கொட்டிக் குளத்தைச் 'சுத்தி' செய்தனர். மனிதன் கை தீட்டாம், சாணம் தூய்மையாம்! வழக்கும் எழுந்தது, 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடைகோரியோர் வாதத்தைத் தள்ளியது.

ஏட்டில் உறங்கிய உரிமையை அள்ளிய கையே எழுப்பிற்று. ஆனால் மனத்தின் தீட்டை எந்த மன்றம் நீக்கும்? கிணற்றடியில் மாதங்கப் பெண்ணிடம் நீர் வேண்டிய ஆனந்தர் அவள் குலத்தை வினவினாரில்லை. தங்கவயலில் நம் வாயிலில் நீர் கேட்பவரின் குலத்தை நம் மனம் வினவுமாயின், சவுதார் குளம் நமக்கு இன்னும் திறக்கப்படவில்லை.