வளைதலும் பணிதலும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அந்த ஆழத்தில், மேலுள்ள நிலத்தின் பாரம் முழுவதும் பாறையின்மீது அழுந்துகிறது. மென்மையான பாறை அவ்வழுத்தத்திற்குச் சிறுகச் சிறுக நெகிழ்ந்து கொடுக்கும்; வழி குறுகும், முட்டுக்கட்டைகள் நெரியும்; ஆபத்து வருவது முன்னரே தெரிந்துவிடும். கோலாரின் பாறையோ மிகக் கடினமானது. அது எதையும் வெளிக்காட்டாமல் தாங்கிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நொடியில் வெடித்துச் சிதறும். தொடக்ககாலப் பொறியாளர்கள் இதனை 'ஏர் பிளாஸ்ட்' என்று குறித்து வந்தனர். காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நெகிழ மாட்டாத வலிமை தன்னையே உடைத்துக்கொள்ளும் ஓசை அது. அதில் மாண்ட தொழிலாளர் பலர்.

பாறைக்கு உள்ள இந்த விதி மனிதனுக்கும் பொருந்துமா? நம் சாத்திரங்கள் பணிவை உயர்ந்த குணமாகப் போற்றுகின்றன. அஞ்சாமையையும் அதே அளவு போற்றுகின்றன. அநியாயம் எதிரில் வந்து நிற்கும்போது ஒருவன் எதனைக் கைக்கொள்வது? விட்டுக்கொடுத்தல் எந்த இடம்வரை அறம், எந்த இடத்திலிருந்து கோழைமை? ஏட்டில் எழுந்த இக்கேள்வியை உடலைக் கொண்டு ஆராய்ந்த ஒரு மரபு ஜப்பானில் உண்டு. அதன் பெயர் ஜூஜுத்ஸு. 'ஜூ' என்பது மென்மை, நெகிழ்வு. 'ஜுத்ஸு' என்பது கலை.

இக்கலையின் பழைய பள்ளிகளுள் ஒன்றான தாக்கெனோஉச்சி மரபு 1532இல் தோன்றியதாகக் கூறுவர். அது உள்நாட்டுப் போர்களின் காலம். கவசமணிந்த வீரனைப் போர்க்களத்தில் பற்றி வீழ்த்தும் முறைகளே முதலில் இருந்தன. 1603க்குப் பின் நீண்ட அமைதி நிலவியபோது, படைக்கலமின்றிப் போரிடும் பள்ளிகள் பல கிளைத்தன. அவற்றுள் யோஷின் மரபு வில்லோ மரத்தின் பெயரைத் தாங்கியது. நாகசாகியைச் சேர்ந்த ஒரு மருத்துவர் கடும் பனிப்பொழிவின்போது, விறைத்து நின்ற மரங்களின் கிளைகள் முறிவதையும், வில்லோவின் கிளைகள் தாழ்ந்து பனியைச் சரியவிட்டு மீண்டும் நிமிர்வதையும் கண்டு இக்கலையை வகுத்தார் என்பது அம்மரபின் கதை. கதையைச் சொல்பவர் பலரும் கிளை தாழ்ந்ததோடு நின்றுவிடுகின்றனர். அது மீண்டும் நிமிர்ந்தது என்பதுதான் அதன் உயிர்.

1868இல் சாமுராய்களின் ஆட்சி முடிந்தது. 1876இல் வாள் தரிப்பதும் தடை செய்யப்பட்டது. பழைய ஆசான்களுக்கு மதிப்பில்லாமற் போயிற்று. சிலர் எலும்பு முறிவு வைத்தியம் செய்து பிழைத்தனர். அந்நிலையில் ஜிகோரோ கானோ என்னும் இளம் ஆசிரியர், 1882இல் டோக்கியோவின் ஒரு பௌத்தக் கோயிலில் 12 பாய்களை விரித்துத் தம் பள்ளியைத் தொடங்கினார். தாம் சீரமைத்த முறைக்கு 'ஜூடோ' எனப் பெயரிட்டார். 'டோ' என்றால் நெறி. கலை நெறியாக உயர வேண்டும் என்பது அவர் கருத்து.

நெகிழ்வு என்பதற்கு அவர் தந்த விளக்கம் எளியது. எதிராளியின் பலம் 10, தன் பலம் 7 என்று கொள்வோம். எதிர்த்துத் தள்ளினால் தோல்வி உறுதி. தள்ளுகின்றவனுக்கு இடம் கொடுத்துப் பின்வாங்கினால் அவன் நிலை தடுமாறி முன்னே சாய்வான். நிலை குலைந்தவனின் பலம் அப்போது 3 ஆகிவிடும். தன் நிலையைக் காத்தவனுக்கோ 7 அப்படியே இருக்கும். அதில் பாதியைக் கொண்டே அவனை வீழ்த்தலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பின்வாங்குகிறவன் தன் சமநிலையை ஒரு கணமும் இழப்பதில்லை. இழந்தால் அவனும் சேர்ந்து விழுவான். இடத்தை விட்டுக்கொடுக்கலாம்; நிலையை விட்டுக்கொடுத்தல் ஆகாது.

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் வில்லைக் கீழே போட்டபோது அது கருணை போலவே தோன்றியது. கண்ணன் அதனை மனத்தளர்ச்சி என்றே கண்டித்தான். வெளிச்செயல் ஒன்றாயிருந்தும், உள்ளே சமநிலை இருக்கிறதா இல்லையா என்பதே அதன் பெயரை மாற்றிவிடுகிறது.

இக்கலை மேற்கே சென்ற வழியில் தங்கவயலுக்கு அண்மையிலுள்ள ஊர் ஒன்றும் இடம்பெறுகிறது. அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவரான எட்வர்ட் பார்ட்டன்-ரைட் 1860இல் பெங்களூரில் பிறந்தவர். அவர் தந்தை மதராஸ் ரயில்வேயின் என்ஜின் பிரிவைப் பொறுப்பேற்று நடத்திய பொறியாளர். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு அந்த ரயில்வே அமைத்த பாதையும், பின்னர் 1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து பிரிந்த கிளைப்பாதையுமே தமிழகத்துத் தொழிலாளரைத் தங்கவயலுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. மகன் பொறியாளராக ஜப்பான் சென்று ஜூஜுத்ஸு பயின்று, 1898இல் இங்கிலாந்து திரும்பினார். 1900இல் யுகியோ தானி முதலிய இளைஞர்களை லண்டனுக்கு வரவழைத்தார். சிற்றுருவினரான தானி, இசை அரங்க மேடைகளில் தம்மினும் பெரிய மல்லர்களை வீழ்த்திக் காட்டினார். பௌத்தக் கோயிலில் நெறியாக உயர்ந்தது லண்டன் மேடையில் வேடிக்கையாகத் தாழ்ந்தது என்று வருந்துவோர் உண்டு. ஆனால் அந்த வேடிக்கையின் வழியாகவே அது மிகவும் தேவைப்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்தது. வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு ஈடித் கேரட் என்னும் ஆங்கிலப் பெண்மணி ஜூஜுத்ஸு கற்பித்தார்; 1913 அளவில், தம் தலைவியரைக் காவலர் பிடியிலிருந்து காக்க ஒரு மகளிர் அணியே உருவாயிற்று. நம் நாட்டில் ரவீந்திரநாத் தாகூர் 1905இல் சானோ என்பவரையும், 1929இல் தகாகாகியையும் சாந்திநிகேதனுக்கு அழைத்தார். தகாகாகியிடம் மாணவியரும் பயின்றனர்.

நூற்றாண்டுகளாக 'அடங்கி இரு' என்று கேட்டுவந்த பெண்களுக்கு மென்மையின் கலை வேறொன்றைக் கற்பித்தது என்பது சிந்திக்கத்தக்கது. தங்கவயலின் தொழிலாளரையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் பண்ணையாருக்குக் குனிந்தனர்; இங்கு வந்து வெள்ளைக்கார அதிகாரிக்குக் குனிந்தனர். பாதாளத்தில் குனிந்தே நடந்தனர். பணிவைப் பற்றி இவர்களிடம் உபதேசம் செய்வதற்கு யாருக்குத் துணிவு வரும்? நிமிரும் உரிமை மறுக்கப்பட்டவனின் குனிவைப் பணிவு என்று புகழ்வது, புகழ்கின்றவனுக்கு வசதியான பொய்.

1930இல், தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்யச் சுரங்க நிர்வாகம் முற்பட்டது. இருட்டையும் வெப்பத்தையும் பாறை வெடிப்பையும் பொறுத்து வந்த அந்த மக்கள் இதைப் பொறுக்கவில்லை. குற்றவாளிகளைப் போல் தம்மை நடத்துவதாகக் கருதி வேலை நிறுத்தம் செய்தனர். ஏறக்குறைய மூன்று வாரங்கள் அது நீடித்தது. உழைப்பின் கடுமைக்கு இடம் கொடுத்தவர்கள், மானம் என்னும் நிலையில் இடம் கொடுக்கவில்லை. பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ணர் சொன்ன பாம்பின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. கடிக்காதே என்ற குருவின் சொல்லை ஏற்ற பாம்பு, சிறுவர்களிடம் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தது. திரும்பி வந்த குரு, தாம் சீறுவதைத் தடுக்கவில்லையே என்றார்.

ஜூஜுத்ஸு பயில வரும் மாணவனுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுவது விழும் முறை. உடலைச் சுருட்டி, கையால் தரையை அறைந்து, அடி ஓரிடத்தில் தங்காதபடி விழுந்து, உடனே எழ வேண்டும். பலநூறு முறை இவ்வாறு விழுந்து பழகியவனுக்கு வீழ்ச்சியின் அச்சம் குறைகிறது. அச்சம் குறைந்தவனே விறைத்துக்கொள்ளாமல் நெகிழ முடியும்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று தலைமுறைக்கு மேலாக ஒரே தொழிலை நம்பியிருந்த ஊர் காலடி நிலத்தை இழந்தது. குடும்பங்கள் பல வெளியேறின. பல அங்கேயே தங்கின. தங்கியவர்களின் பிள்ளைகளில் ஏராளமானோர் விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர்.