புனித இடமும் நடந்தாடும் விளையாட்டும்

போக்கிமான் கோ போன்ற கைபேசி விளையாட்டுகள் ஆடுபவரின் இருப்பிடத்தை ஜிபிஎஸ் மூலம் அறிந்து, அந்த இடத்துக்கென வைத்த கற்பனை உருவங்களைத் திரையில் காட்டுகின்றன. அவற்றைப் பிடிக்க வெளியே இறங்கி நடக்க வேண்டும். அமெரிக்காவின் நியான்டிக் நிறுவனம் 2016 ஜூலையில் போக்கிமான் கோவை வெளியிட்ட சில நாள்களிலேயே வழிபாட்டிடங்களிலிருந்தும் நினைவிடங்களிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. கல்லையும் மண்ணையும் தொடாத ஒன்று ஓர் இடத்தின் புனிதத்தைக் குலைக்க முடியுமா என்ற கேள்வி அப்போது பிறந்தது.

வழிபாட்டிடங்கள் இந்த வரைபடத்தில் தற்செயலாக ஏறவில்லை. இதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான இன்கிரெஸ்ஸில் சிலைகள், தேவாலயங்கள், நினைவுச் சின்னங்கள் போன்றவற்றை ஆடுபவர்களே முன்மொழிந்தார்கள். அவற்றில் பல பின்னர் போக்கிமான் கோவின் நிறுத்தங்களாகவும் போட்டிக் களங்களாகவும் ஆயின. மக்கள் எதை முக்கியமென்று கருதிக் காத்து வந்தார்களோ அதுவே விளையாட்டுக்கும் அடையாளப் புள்ளி ஆனது. அதைக் காத்தவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை.

எதிர்ப்புகள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஆஷ்விட்ஸ் நினைவிடமும் ஹிரோஷிமா நகரமும் இறந்தோரின் நினைவை முன்வைத்துத் தங்கள் இடங்களை நீக்கச் சொல்லின. ஜப்பானின் இசுமோ பெருங்கோயில் தன் வளாகத்தில் ஆடுவதையே தடை செய்தது. குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த பொதுநல மனு, கோயில்களில் முட்டை உருவங்கள் தோன்றுவது இந்து, சமண நம்பிக்கைகளைப் புண்படுத்துவதாகச் சொன்னது. ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகரில் தேவாலயத்துக்குள் ஆடி அதைப் படம்பிடித்து வெளியிட்ட இளைஞருக்கு 2017இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இறந்தோருக்காக மரியாதை கேட்பதும் அரசு தண்டிப்பதும் ஒன்றல்ல. கடைசி நிகழ்வை மற்றவற்றோடு சேர்த்து எண்ணக் கூடாது.

ஓர் இடம் எதனால் புனிதமாகிறது என்பதில் சமய ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். மிர்ச்சா எலியாடேயின் நோக்கில் புனிதம் அந்த இடத்தில் தானே வெளிப்படுகிறது. மனிதர் அதைக் கண்டுகொள்கிறார்கள். அப்படியானால் திரையில் தோன்றும் முட்டை கருவறையை எட்டவே முடியாது. எமில் டர்கைம் 1912இல் வெளியிட்ட நூலிலோ, ஒரு சமூகம் விலக்கி வைத்துக் காப்பதே புனிதம். இதன்படி, வருபவர்களின் நடத்தையும் கவனமும் புனிதத்துக்கு வெளியே நிற்பவை அல்ல. அவை மாறினால் புனிதமும் ஆட்டம் காணும். குஜராத் மனுவின் வருத்தத்தை இந்த இரண்டாம் வழியில்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடிகிறது.

விளையாட்டு என்பதாலேயே அது தவறு என்பாரும் உண்டு. அந்த வாதம் நிற்காது. தமிழகக் கோயில்கள் பலவற்றின் மண்டபத் தரைகளில் ஆடுபுலி ஆட்டக் கோடுகள் இன்றும் காணப்படுகின்றன. டச்சு அறிஞர் ஹுய்சிங்கா 1938இல் எழுதிய ‘ஹோமோ லூடென்ஸ்’ நூலில், ஆடுகளமும் புனிதத் தலமும் வடிவத்தில் ஒன்றே என்கிறார்: இரண்டுமே எல்லை வகுத்து, உள்ளே தனி விதிகள் செல்லும்படி பிரிக்கப்பட்ட இடங்கள். மண்டபத்தில் ஆடியவர்கள் அந்தக் கட்டத்துக்குள் இருந்தார்கள். கோயில் கோயிலாகவே இருந்தது. நடந்தாடும் விளையாட்டுக்கோ அப்படிக் கட்டம் கிடையாது. ஊர் முழுவதும் அதன் களம். ஆடாதவரும் அறியாமலே அதற்குள் நிற்கிறார். ஒரே மண்ணில் இரண்டு எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதுதான் மோதல் எழுகிறது.

சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ், வருபவரிடம் ஒன்றைக் கேட்கிறது: அவர்களை நினைக்க வேண்டும். விளையாட்டு அதே நிமிடத்தில் வேறொன்றைச் சேகரிக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மனம் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. இங்கே நேரும் இழப்பு உண்மையானது, அதன் கருவி வெறும் படமாக இருந்தாலும். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபை, ஆடுபவர்களை வரவேற்கும்படி தன் ஆலயங்களுக்கு ஆலோசனை சொன்னது. ஆள் வராத ஊர்த் தேவாலயத்தின் வாசலுக்கு இளைஞர்களைக் கொண்டுவரும் எதுவும் அதற்கு நன்மையே. ஆகவே ஒரே விளையாட்டு ஓரிடத்தில் அவமதிப்பு, இன்னோரிடத்தில் அழைப்பு. இரண்டில் எது என்று தீர்மானிக்கும் உரிமை, அந்த இடத்தின் நினைவைச் சுமந்து காப்பவர்களுடையது; தொலைவில் வரைபடம் வரைந்தவர்களுடையது அல்ல.

நடைமுறையில் அந்த உரிமை ஓரளவே கிடைத்திருக்கிறது. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவின் புள்ளிகள், 2016 ஆகஸ்ட் 6 அணுகுண்டு நினைவு நாளுக்கு முன்பே நீக்கப்பட்டன. அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் தொடர்ந்த வழக்கு 2019இல் சமரசமாகி, தனி வீடுகளுக்கு 40 மீட்டருக்குள் இருக்கும் புள்ளிகளைக் கோரிக்கையின் பேரில் நீக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்த ஏற்பாடு சொத்துரிமையை ஒட்டியது. நிர்வாகமும் அலுவலகமும் உள்ள பெரிய நினைவிடங்கள் கோரிக்கை அனுப்பிவிடும். காவல் தெய்வம் குடியிருக்கும் தோப்புக்கும், ஈமக்கடன் நடக்கும் ஆற்றங்கரைக்கும், பெயர் தெரியாதோர் புதைந்த நிலத்துக்கும் பத்திரம் காட்டிப் பேச ஒருவர் இல்லை; அவற்றின் புனிதம் ஊராரின் நினைவில் மட்டுமே பதிவாகியிருக்கிறது.